வாசலில் ஒரு ஜோடி அதிகம்

1998ஆம் ஆண்டு பிப்ரவரி. ஹூஸ்டனிலிருந்து ஒன்றேகால் மணி நேரத் தொலைவில், கால்வெஸ்டன் தீவின் மேற்குக் கோடியில், கடலைப் பார்த்து நின்ற ஒரு விடுமுறை வீட்டின் வாசலில் இது நடந்தது. வீடு என்னுடையது அல்ல. அதன் சாவி மட்டும் இரண்டு மாதத்துக்கு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நகரத் திட்டமிடலில் முதுகலைப் படிப்பை டிசம்பரில்தான் முடித்திருந்தேன். விசா விதிப்படி ஓராண்டுக்குள் வேலை கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஈரோட்டுக்குத் திரும்ப வேண்டும். நகரத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் வீடில்லாமல் அலையும் மனிதர்களையும் பற்றியது என் ஆய்வேடு. அதற்காக ஒரு மகளிர் காப்பகத்துக்குப் பல மாதங்கள் சென்று, அங்கிருந்தவர்களிடம் பேசிக் குறிப்பெடுத்திருந்தேன். வகுப்பில் அந்த ஆய்வை வாசித்தபோது என் குரல் உடைந்துபோனதாகத் தோழிகள் பிறகு சொன்னார்கள். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. நான் செய்த காரியத்தை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

வீட்டுக்காரர்கள் ஹூஸ்டனின் புறநகரான சுகர் லேண்டில் குடியிருந்த ஒரு தமிழ்த் தம்பதி. அங்கிள் மருத்துவர். ஆன்ட்டி பொள்ளாச்சிப் பக்கத்தவர். நான் அமெரிக்காவில் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர்கள் அவர்கள்தான். முதல் மூன்று வாரம் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். என் அபார்ட்மெண்ட் ஒப்பந்தத்தில் எனக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அங்கிள்தான். அந்த ஜனவரியில், அங்கிளின் தம்பி மகள் கல்யாணத்துக்காக இருவரும் இரண்டு மாதம் ஊருக்குப் புறப்பட்டார்கள்.

அங்கிளுக்கு ஒரே ஒரு கவலை. அந்தக் கடற்கரைத் தெருவில் கோடைக்காலத்தில்தான் ஆள் நடமாட்டம் இருக்கும். குளிர்காலத்தில் பத்து வீடுகளில் எட்டு பூட்டிக் கிடக்கும். முந்தைய ஆண்டு ஒரு வீட்டின் கதவை உடைத்துச் சாமான்களை அள்ளிப் போயிருந்தார்கள். இன்னொரு வீட்டில் யாரோ குடியேறிவிட, அவர்களை வெளியேற்ற உரிமையாளர் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்தாராம்.

"உடைச்சிட்டுப் போனாக்கூட இன்ஷூரன்ஸ் இருக்கும்மா. உள்ள வந்து உக்காந்துட்டான்னா? அவனுக்கு நாம நோட்டீஸ் குடுக்கணுமாம், நம்ம வீட்டுக்கே!" என்று அங்கிள் பொருமினார். பிறகு மஞ்சள் தாளில் எழுதிய எட்டு அம்சப் பட்டியல் ஒன்றை என்னிடம் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் போக வேண்டும். தபால் பெட்டியைக் காலி செய்ய வேண்டும். மாலையில் தானாக எரியும் விளக்குகளின் டைமரைச் சரிபார்க்க வேண்டும். திரைச்சீலைகளை வாரத்துக்கு ஒரு மாதிரி மாற்றிவைக்க வேண்டும். எட்டாவது அம்சத்தின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். கடல் பக்கம் இருந்த சறுக்குக் கதவின் தடத்தில் ஒரு கட்டை கிடக்கும். பூட்டு தளர்ந்திருந்தாலும் அந்தக் கட்டை இருக்கும்வரை கதவை வெளியிலிருந்து நகர்த்த முடியாது. பழைய தரை துடைப்பானின் கைப்பிடியை அளவெடுத்து அங்கிளே அறுத்துப் போட்ட கட்டை அது.

"கடலோரத்துல வூட்டக் கட்டிப்போட்டு அதுக்குத் தொடப்பக்கட்டையக் காவலுக்கு வெச்சிருக்காரு பாரு கண்ணு, உங்க டாக்டரு" என்றார் ஆன்ட்டி.

"நீ ஒரு ஐடியா சொல்லேன், பாப்போம்" என்றார் அங்கிள் அவரிடம்.

"ஏனுங்க, லைட்டு எரியுது, திரை ஆடுது, எல்லாஞ் சரி. வாசல்ல ஒரு செருப்பு கெடக்குதுங்களா? செருப்பே இல்லீன்னா அது பூட்டுன வூடுன்னு கண்ணு தெரியாதவனுக்குக்கூடத் தெரியுமுங்க."

"அமெரிக்காக்காரன் என்ன, வாசல்ல செருப்பை எண்ணிட்டா திருட வர்றான்?"

"எண்ணுனா எண்ணட்டும். நம்மூட்டு வாசல் நம்மூட்டு வாசலாட்ட இருந்துட்டுப் போகுது."

ஆன்ட்டியே வென்றார். கராஜில் தேடிப் பழைய காலணிகளைச் சேகரித்தோம். அங்கிளின் கறுப்பு மருத்துவமனை ஷூ. ஆன்ட்டியின் வார் தேய்ந்த செருப்பு. வெளியூரில் படிக்கும் மகனுடைய, படகுபோல் பெரிய கூடைப்பந்து ஷூ. "இதப் பாத்தாலே திருடன் ஓடிருவான்" என்று அதை மட்டும் முன்னால் வைக்கச் சொன்னார் ஆன்ட்டி. ஒரு ரப்பர் செருப்பு. ஐந்தாவதாக, எண்ணிக்கைக்குப் போதவில்லை என்று என் காலிலிருந்து பிடுங்கிக்கொண்ட கான்வாஸ் ஷூ. அந்தத் தீவில் வெள்ளத்துக்குப் பயந்து வீடுகளை உயரமான மரத்தூண்கள்மேல் கட்டியிருப்பார்கள். மாடிப்படி போல ஏறினால்தான் வாசல் வரும். அந்தப் படிகளின் உச்சியில், கதவோரமாக, ஐந்து ஜோடிகளையும் வரிசையாக வைத்துவிட்டு வந்தோம்.

முதல் இரண்டு சனிக்கிழமைகள் பட்டியலில் ஒன்று விடாமல் செய்தேன். இரண்டாம் முறை வேலை முடிந்த பிறகு, சறுக்குக் கதவைத் திறந்து பின்பக்க மரத்தளத்தில் வெகுநேரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்கு அனுப்பிய விண்ணப்பங்களைப் பற்றிய யோசனை. உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தியது நன்றாக நினைவிருக்கிறது. கட்டையை மறுபடி தடத்தில் போட்டேனா என்பது நினைவில்லை. நினைவில்லை என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் சனிக்கிழமை ஒரு நேர்முகத் தேர்வுக்குத் தயாராக வேண்டியிருந்தது. போகவில்லை. ஞாயிறு காலை, பொள்ளாச்சியிலிருந்து அங்கிளின் தொலைபேசி. கல்யாண வீட்டின் இரைச்சலுக்கு நடுவே, "ஏம்மா, போயிட்டு வந்தியா? எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"போனேன் அங்கிள். எல்லாம் சரியா இருக்கு."

அடுத்த வாரம் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு சொன்ன பொய் அது. அடுத்த வாரம் வடக்கிலிருந்து குளிர்காற்றும் விடாத மழையும் வந்தன. ஃப்ரீவேயில் அந்த மழையில் ஓட்டப் பயம். தேர்வில் தோற்றுவிட்ட செய்தியும் அப்போதுதான் வந்திருந்தது. ஞாயிறன்று அதே கேள்வி, அதே பதில். முதல் முறை அந்தப் பதிலைத் தயங்கிச் சொன்னேன். இரண்டாம் முறை தயங்கவில்லை.

ஐந்தாம் சனிக்கிழமை மழை விட்டு, மூடுபனியும் தூறலுமாக இருந்தது. காலை பதினொரு மணிக்குத் தெருவில் காரை நிறுத்தினேன். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். உச்சிப்படியில் கால் வைத்தவள் அப்படியே நின்றேன்.

ஆறு ஜோடிகள் இருந்தன.

பெரிய ஷூவுக்குப் பக்கத்தில், வரிசை பிசகாமல், வெள்ளை நிற வேலை ஷூ ஒன்று. உணவகங்களிலும் மருத்துவமனைகளிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்கள் போடும் வகை. உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. தரையில் யாரோ நடந்தார்கள்.

ஓசைப்படாமல் இறங்கி ஓடினேன்.

தெருமுனைக் கடையில் பொதுத் தொலைபேசி இருந்தது. காவல்துறையை அழைப்பதுதான் முறை. காரின் கதவைத் திறந்தபோது என் மனத்தில் ஓடிய கணக்கை இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. போலீஸ் வந்தால் உரிமையாளருக்குத் தகவல் போகும். கடைசியாக எப்போது வந்து பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்பார்கள். மூன்று வாரம் என்று எழுதிக்கொள்வார்கள். பொள்ளாச்சிக்கு இரண்டு முறை நான் சொன்ன பொய் அந்தத் தாளில் வெளிப்பட்டுவிடும். எனக்காகக் கையெழுத்துப் போட்ட மனிதர் அதைப் படிப்பார். ஆகவே, அவர் திரும்பி வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் அந்த ஆளை அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும். அன்று எனக்குத் தோன்றியது அது மட்டும்தான்.

மூன்று வீடு தள்ளி, ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அங்கிளுக்கு நல்ல பழக்கம். என்னைப் பார்த்தால் கைகாட்டுவார். தான் பிடித்த மீனை ஒருமுறை எனக்குக் கொடுக்க வந்து, நான் சைவம் என்றதும் உண்மையிலேயே வருந்தியவர். அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவர் பதறவில்லை. "போலீஸ் இந்தக் கோடிக்கு வர அரை மணி நேரமாகும், ஹனி. அதுவரை எதற்கு?" என்றார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் நீளத் துப்பாக்கி இருந்தது.

"வேண்டாம்" என்று அப்போது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையை உங்களுக்கு எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அவருக்குப் பின்னால் நடந்தேன். மூன்று வீடுகள் கடக்கும் தூரம். அவர் டெக்சாஸ் சட்டத்தைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டே வந்தார். பிறர் வீட்டில் நுழைந்தவனைச் சுட்டால் இங்கே எவரும் பதில் சொல்லத் தேவையில்லை என்பது அதன் சாரம். நான் தலையாட்டினேன். பூட்டிய வீடுகளையும் வீடற்ற மனிதர்களையும் பற்றி நூற்றிருபது பக்கம் எழுதியவள், தலையாட்டினேன்.

"நீ இந்தத் தூணுக்குப் பின்னால் நில்" என்று சொல்லிவிட்டு அவர் முதல் படியில் கால் வைத்தார்.

தூணின் மறைவிலிருந்து மேலே பார்த்தேன். படிகளுக்கு இடையே அடைப்பு இல்லாததால் உச்சியில் இருந்த காலணி வரிசை கீழிருந்து தெரிந்தது. பயத்தில் முதலில் நான் கவனிக்காத ஒன்று இப்போது கண்ணில் பட்டது. அங்கிளின் ஷூவிலிருந்து செய்தித்தாள் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகனின் ஷூவிலும் அப்படியே. என் கான்வாஸ் ஷூவிலும். செருப்புகள் இரண்டையும் தண்ணீர் வடியட்டும் என்று சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் பள்ளிக்கூட ஷூ நனைந்துவிட்டால் எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்வோம். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். திருட வந்தவர் யாரென்றே தெரியாத ஐந்து பேரின் காலணிகளை உலர்த்தி வைப்பாரா? அந்த வெள்ளை ஷூவை மறுபடி பார்த்தேன். சின்ன அளவு. என் அளவுதான். ஒரு பெண்ணின் ஷூ.

பெரியவர் நான்காவது படியில் இருந்தார்.

"நில்லுங்கள்!" என்று கத்தினேன். "எனக்குத் தெரிந்தவர்தான். வீடு சுத்தம் செய்ய வருபவர். அங்கிள் ஏற்பாடு செய்துவிட்டுப் போனது. நான் மறந்துவிட்டேன்!"

அந்த மாதத்தில் நான் சொன்ன மூன்றாவது பொய்.

அவர் இறங்கி வந்தார். முகம் சிவந்திருந்தது. என்னைக் கூர்ந்து பார்த்தார். "மறந்துவிட்டாயா?" என்றார். "சரி, போய்க் கதவைத் தட்டு. நான் இங்கேயே நிற்கிறேன்."

என் கையில் சாவி இருந்தது. ஆனால் அழைப்பு மணியைத்தான் அழுத்தினேன். சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் முறை அழுத்தியபோது கதவு ஒரு சாண் திறந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். நரைத்த முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தார். காலில் உறைகள் மட்டும். அவருடைய பார்வை என்னைத் தாண்டி, கீழே துப்பாக்கியோடு நின்றவர்மேல் விழுந்தது.

"வந்துவிட்டீர்களா! டாக்டர் உங்களைச் சுத்தம் செய்ய வரச்சொன்னதை மறந்தே போனேன்" என்றேன், கீழே கேட்கும்படியாக.

அவர் என் கண்களைப் பார்த்தார். "ஆமாம், மேம். முடியப்போகிறது. குளியலறை மட்டும் பாக்கி."

கீழே நின்றவர் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "இப்படியெல்லாம் மறக்காதே, ஹனி. நான் மட்டும் மேலே போயிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் போய்ச் சேரும்வரை நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம். பிறகு நான் என் செருப்பைக் கழற்றி ஏழாவது ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே கலைந்த பொருள் எதுவுமில்லை. படுக்கையறைகளின் கதவுகள் மூடியிருந்தன. கூடத்துக் கம்பளத்தின்மேல் ஒரு போர்வை நான்காக மடித்துக் கிடந்தது. சமையலறையில் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு, ஒரு பாத்திரம். பக்கத்தில் ஆன்ட்டியின் எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் திறந்திருந்தது.

"அந்தச் சிவப்பு ஜாமைத் தொட்டுப் பார்த்தேன். ரொட்டியில் தடவி ஒரு வாய்தான் வைத்தேன்" என்றார் அவர். "என்னைப் பிடிக்க வைத்திருந்த பொறியோ என்று நினைத்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

கேட்காமலேயே சொன்னார். அந்தத் தெருவில் வாடகைக்கு விடும் விடுமுறை வீடுகளைச் சுத்தம் செய்வது அவர் வேலை. குளிர்காலத்தில் வாடகைக்கு வருபவர்கள் இல்லாததால் வேலையும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு தங்கியிருந்த இடமும் போய்விட்டது. காரில் தூங்கிக்கொண்டிருந்தவர், குளிர்காற்று அடித்த நாளில் இங்கே வந்திருக்கிறார். ஒன்பது நாளாகிறது. "நான் எதையும் உடைக்கவில்லை. பின்கதவை இழுத்துப் பார்த்தேன், திறந்துகொண்டது" என்றார்.

சறுக்குக் கதவைப் பார்த்தேன். அங்கிளின் கட்டை, நான் எடுத்து வைத்த ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது.

"இத்தனை வீடுகள் இருக்க, இந்த வீடு காலி என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் அது முக்கியமான கேள்வி அல்ல. ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அந்த ஷூக்கள்தான்" என்றார். "இரவில் காரை நிறுத்த இந்தத் தெரு வழியாகத்தான் போவேன், தினமும் பார்ப்பேன். எல்லாம் ஒரே நாளில் வந்தன. அதன் பிறகு அசையவே இல்லை. மழைத்தண்ணீர் நிறைந்து நின்றது. ஆள் இருக்கும் வீட்டில் ஷூக்கள் இடம் மாறும்."

ஆன்ட்டியும் நானும் சிரித்துச் சிரித்து அடுக்கிய ஐந்து ஜோடிகள்தான் காலி வீடு என்று தெருவுக்கே சொல்லியிருக்கின்றன.

"பிறகு உங்களுடையதை ஏன் வெளியே விட்டீர்கள்? யாராவது பார்த்தால் மாட்டிக்கொள்வீர்களே?"

அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "எல்லோருடையதும் வெளியே இருந்தது. இந்த வீட்டின் வழக்கம் அது என்று நினைத்தேன்" என்றார்.

அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மனம் அதைத்தான் விரும்பியது. ஆனால் இன்னொருவர் வீட்டை எடுத்து நான் தாராளம் காட்ட முடியாது. நம்பிக்கையோடு கொடுத்த சாவியை ஒருமுறை அலட்சியத்தால் கெடுத்தாயிற்று. இரக்கத்தின் பெயரால் இரண்டாம் முறை கெடுப்பதும் தவறுதான். அதனால், எனக்குத் தெரிந்த காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். திங்கட்கிழமை ஓர் இடம் காலியாகும் என்றார்கள். அதுவரை ஹூஸ்டனில் என் அறையில் தங்கலாம், என் காரிலேயே போகலாம் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் இரண்டு பைகளையும் அதற்குள் கட்டி முடித்திருந்தார்.

"நீ நல்ல பெண்ணாக இருக்கலாம்" என்றார். குரலில் கோபமில்லை. "ஆனால் ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மனிதர் தானாக வரவில்லை. நீ கூட்டிவந்தாய். உன் காரில் நான் எப்படி ஏறுவது?"

நிறுத்தியதும் நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்வது எவ்வளவு அற்பம் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

அங்கிளின் மஞ்சள் தாள் என் பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் காப்பகத்தின் முகவரியையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். படிக்காமலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உச்சிப்படியில் உட்கார்ந்து அந்த வெள்ளை ஷூக்களைப் போட்டுக்கொண்டார். நாடாவைக் கட்டும்போது இரண்டு முறை தலையை நிமிர்த்தித் தெருவைப் பார்த்தார். பிறகு எழுந்து, தெருமுனைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தன் காரை நோக்கித் தூறலில் நடந்துபோனார். அவர் காப்பகத்துக்குப் போனாரா என்பது எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அங்கே கேட்டேன். அப்படி யாரும் வரவில்லை என்றார்கள்.

அன்று கட்டையைத் தடத்தில் போட்டேன். போட்டேனா என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தேன். என் கான்வாஸ் ஷூவிலிருந்து செய்தித்தாளை உருவியபோது உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் தொலைபேசி அடித்தது. "ஏம்மா, போனியா? எல்லாம் சரியா இருக்கா?"

நேற்றைய நிகழ்ச்சி யாருக்கும் தெரியாது. மூன்று வீடு தள்ளியிருந்த பெரியவர்கூட நான் சொன்னதை நம்பிவிட்டார். இன்னும் ஒரு முறை அந்தப் பதிலைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"இல்ல அங்கிள். சரியா இல்ல. ரெண்டு வாரமா நான் போகவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். கட்டையை மறந்ததிலிருந்து துப்பாக்கிவரை எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண வீட்டில் யாரோ யாரையோ காபிக்குக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"போலீஸ்ல சொன்னியா?"

"இல்ல அங்கிள்."

"எங்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. முடியலைன்னா முடியலைன்னு. நான் என்ன உன்னை அடிக்கவா போறேன்?" அவ்வளவுதான் சொன்னார். ரிசீவர் கைமாறியது.

"கண்ணு" என்றார் ஆன்ட்டி. "அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் ஆவுலியே?"

"இல்ல ஆன்ட்டி."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனாளாம்?"

"அரிசி வேகவெச்சிருக்காங்க. உங்க ஊறுகாயை ஜாம்னு நெனைச்சு ரொட்டில தடவிட்டாங்க."

மறுமுனையில் சிரிப்போ பெருமூச்சோ, ஏதோ ஒன்று. "பாவத்த" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு கோவத்துல இருக்காரு. உம்மேலதான். அவ மேல இல்ல" என்றார்.

மார்ச்சில் அவர்கள் திரும்பிய அன்று விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். வீட்டுக்கு வந்ததும் அங்கிள் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். "அலாரம் போட ஏற்பாடு பண்ணிட்டேன்மா. இனிமே உனக்குச் சிரமம் இல்ல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத் தாங்குவது கடினமாக இருந்தது. ஆன்ட்டி வழக்கம்போல் இட்லி மாவைக் கட்டிக் கொடுத்தார். அங்கிள் என்னிடம் முன்போல் உரிமையோடு பேச ஓராண்டுக்கு மேலாயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் அந்த வீடு பூட்டிக் கிடக்கவில்லை. தீவின் மருத்துவமனையில் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் தம்பதிக்கு, கோடை தொடங்கும்வரை தங்கிக்கொள்ள அங்கிள் கொடுத்திருந்தார். ஒரு சனிக்கிழமை ஆன்ட்டியோடு நானும் அங்கே போனேன். வாசலில் சின்னதும் பெரியதுமாகக் காலணிகள், வரிசையில் இல்லாமல், ஒன்று குப்புற விழுந்து கிடந்தது. எங்களுக்குப் பின்னால் படியேறி வந்த அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, "செருப்பு இடம் மாறணுமாமே" என்றார், என் பக்கம் திரும்பாமல். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்பதை அன்றுதான் அறிந்தேன். மன்னிக்க வேண்டிய இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்பதை இன்றுவரை நான் அறியவில்லை.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது. ஆளில்லாத கட்டடங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதுவது அந்த வேலையில் ஒரு பகுதி. பல கட்டடங்களைத் தெருவில் நின்று பார்த்தாலே போதும் என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள். நான் படியேறிப் போய்க் கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்த பிறகே எழுதுகிறேன். உள்ளே ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி நான் எழுதும் ஒரு வரி அவர் வாசலுக்கு யாரை அனுப்பும் என்று யோசித்து எழுதுகிறேன். யாராவது என்னிடம், "எல்லாம் சரியா இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட, உடனே பதில் வருவதில்லை. நான்காவது படியில் ஒரு கால் நிற்கிறது. அது ஐந்தாவது படிக்குப் போவதும் போகாததும் நான் சொல்லப்போகும் சொல்லில்தான் இருக்கிறது என்பதை மறக்க என்னால் முடியவில்லை.